வெளிமான்: ஒரு பெயரின் தடத்தில் சென்னையில் ஐந்து நாள்

முதல் நாள், புதன். கிண்டி

கிண்டி சிறுவர் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை, வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் செவ்வாய் விடுமுறை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. இந்த மூன்றையும் தவிர்த்து நாட்களை அடுக்கினால் புதனில் தொடங்கி ஞாயிறில் முடிப்பதுதான் வசதி. மாதம் மார்கழியாக இருந்தால் இன்னும் நல்லது. அதற்குக் காரணம் விலங்கின் நிறத்தில் இருக்கிறது, கீழே வருகிறது.

தேடிப் போகிற விலங்கு ஒன்றுதான். பெயர்கள் பல: வெளிமான், திருகுமான், இரலை, புல்வாய், கலைமான், கருமான், கிருஷ்ண மிருகம். இத்தனையில் எது அந்த விலங்கைச் சரியாகச் சொல்கிறது, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்பதே இந்த ஐந்து நாளின் வேலை. பெயரை ஆராய நூலகத்துக்கு ஓடுவதற்கு முன் விலங்கை நிதானமாகப் பார்த்துவிட வேண்டும். பார்க்காமல் அகராதியைத் திறந்தால் அகராதி சொல்வதெல்லாம் சரியாகவே தோன்றும்.

சர்தார் பட்டேல் சாலையில் காந்தி மண்டபம் நிறுத்தத்தில் இறங்கினால் பூங்கா பக்கம்தான். மெட்ரோவில் வருபவர்கள் சின்னமலையில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். தேசியப் பூங்காவின் உட்காடு பொதுமக்களுக்குத் திறந்ததில்லை. வனத்துறையின் அனுமதி இருந்தால்தான் உள்ளே போக முடியும். சிறுவர் பூங்காவின் வேலிக்குள் இருப்பவற்றை வைத்தே அடையாளம் பழகிக்கொள்ளலாம். 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும்.

முதலில் புள்ளிமானைப் பார்த்துவிடுங்கள். செம்பழுப்பு உடல், வெள்ளைப் புள்ளிகள், ஆணுக்குக் கிளைவிட்ட கொம்பு. இந்தப் புள்ளிகள் வயதானாலும் மறைவதில்லை. பெயர் சொல்வதும் அதையேதான். இந்தியில் இதைச் சீத்தல் என்கிறார்கள். வடமொழியின் 'சித்ர' என்ற அடியிலிருந்து வந்த சொல். நம் சித்திரத்துக்கும் அதே வேர். புள்ளிமான் என்ற தமிழ்ப் பெயரும் சீத்தல் என்ற வடநாட்டுப் பெயரும் ஒன்றையொன்று பார்க்காமலேயே ஒரே அடையாளத்தைப் பிடித்திருக்கின்றன.

பிறகு வெளிமான். தோளில் 80 செ.மீ. உயரம் இருக்கும், நம் இடுப்புக்கும் கீழே. வளர்ந்த ஆண் சுமார் 40 கிலோ. மேலே கருப்பு அல்லது கரும்பழுப்பு, வயிறும் கால்களின் உட்புறமும் தூய வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். கொம்பு கிளைவிடாது, திருகாணிபோல முறுக்கிக்கொண்டு மேலேறும். நீளம் 35 முதல் 75 செ.மீ. வரை. பெண் மஞ்சள் கலந்த பழுப்பு. பொதுவாகக் கொம்பு கிடையாது.

புதிதாகப் பார்ப்பவர்கள் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். குட்டி ஆணுக்கு முதல் ஆண்டில் கொம்பு நேராகவே இருக்கும். முறுக்கு பிறகுதான் விழும். நேர்க்கொம்பும் பழுப்பு உடலும் உள்ள அந்த இளம் ஆணை வேறொரு மான் வகை என்று குறித்துக்கொள்வது முதல் தவறு. கருப்பை எதிர்பார்த்து வந்து, பழுப்பு ஆணைப் பார்த்துப் பெண் என்று நினைப்பது இரண்டாவது. ஆணின் நிறம் தென்மேற்குப் பருவமழை முடிந்ததிலிருந்து டிசம்பர் வரை ஏறிக்கொண்டே போகும். ஏப்ரல் வாக்கில் வெளுத்துவிடும். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி வந்து "கருப்பு மான் எங்கே?" என்று தேடினால் கிடைக்காததற்கு இதுதான் காரணம். மார்கழியில் வரச் சொன்னதும் இதற்காகத்தான்.

கிண்டியில் வெள்ளை நிற வெளிமான்களும் பார்க்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு 'வெள்ளை மான்தான் வெளிமான் ஆயிற்று' என்று சொல்பவர்கள் உண்டு. அது நிறத்தைச் சொல்லும் பெயர் அன்று. வெட்டவெளி, பெருவெளி என்கிறோமே, அந்த வெளி. மரமடர்ந்த காட்டில் நில்லாமல் திறந்த புல்தரையில் நிற்கும் மான். இந்த ஒரு சொல்லை இன்றைக்கு மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.


இரண்டாம் நாள், வியாழன். கோட்டூர்புரம்

அண்ணா நூற்றாண்டு நூலகம். கிண்டிக் காட்டிலிருந்து கூப்பிடு தூரம். இன்று முழு நாளும் இங்கேதான். தண்ணீர், குறிப்பேடு, பென்சில் போதும்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: தொல்காப்பியப் பொருளதிகாரம் உரையோடு, அகநானூறு, குறுந்தொகை, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி. கடைசியாகச் சொன்னதில் 1984-இல் வந்த இரண்டாம் பதிப்பையே கேளுங்கள். 1961 பதிப்பின் பதிவு எண்கள் வேறு. அதில் சொற்கள் ரோமன் எழுத்தில் அச்சாகியிருக்கும், வரிசை மட்டும் தமிழ் நெடுங்கணக்கை ஒட்டியது. றகரத்துக்குக் கீழே கோடு, ரகரத்துக்குக் கோடு இல்லை. இதைக் கவனிக்காமல் இரலையைத் தேடினால் வேறு வேருக்குள் போய் மாட்டிக்கொள்வோம்.

முதலில் தொல்காப்பிய மரபியல். பொருளதிகாரத்தின் கடைசி இயல். எந்த விலங்கின் ஆணை, பெண்ணை, குட்டியை என்ன பெயரால் அழைப்பது என்று வகுத்துச் சொல்கிற பகுதி இது. இலக்கண நூலுக்குள் ஓர் உயிரியல் பட்டியல் என்றே சொல்லலாம். அங்கே ஒரு வரி:

"இரலையும் கலையும் புல்வாய்க்கு உரிய."

புல்வாய் என்பது விலங்கின் பெயர். அதன் ஆணுக்கு இரலை என்றும் கலை என்றும் பெயர். அதே இயலில் புல்வாயின் பெண் பிணை, குட்டி மறி என்றும் வருகிறது. ஆக ஒரே விலங்குக்கு இனப்பெயர் ஒன்று, ஆண்பெயர் இரண்டு, பெண்பெயர் ஒன்று, இளமைப்பெயர் ஒன்று. மாட்டுக்குப் பசு, காளை, கன்று என்று நாம் இன்றும் பிரித்துச் சொல்வதைப் போல.

அடுத்த வரியை விடக்கூடாது. கலை என்ற பெயர் உழை என்னும் மானுக்கும் உரியது, முசுவுக்கும் உண்டு என்கிறது நூல். முசு என்பது கருமுகக் குரங்கு. குறுந்தொகை 69-ஆம் பாட்டில் "கருங்கண் தாக்கலை" என்று வருவது ஆண் குரங்குதான். அப்படியானால் கலை என்ற சொல்லில் மான் என்ற பொருளே இல்லை. சில விலங்குகளின் ஆண் என்ற பொருள்தான் இருக்கிறது.

இங்கேதான் கலைமான் என்ற இன்றைய பெயரின் சிக்கல். செய்தியிலும் பேச்சிலும் பெரிதும் புழங்குவது இந்தப் பெயர்தான். சொல்லின்படி அது 'ஆண் மான்', அவ்வளவே. பெண் கலைமான் என்று எழுதினால் பெண் காளை என்று எழுதியது மாதிரி ஆகிறது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுக்கும் பனிநாட்டு மானையும் கலைமான் என்றே மொழிபெயர்க்கிறார்கள். கிண்டியில் மேயும் விலங்குக்கும் வடதுருவத்தில் மேயும் விலங்குக்கும் ஒரே பெயர் வந்து சேர்ந்தது இப்படித்தான். கலையழகு உள்ள மான் என்று சிலர் தரும் விளக்கத்துக்குப் பழைய நூல்களில் இடமே இல்லை. அந்தக் கலை வேறு, இந்தக் கலை வேறு.

இனி முக்கியமான கேள்வி. புல்வாய் என்று தொல்காப்பியம் சொல்வது கிண்டியில் நேற்றுப் பார்த்த விலங்கையேதான் என்று எப்படித் தெரியும்? உரைகாரர்களும் நிகண்டுகளும் பெரும்பாலும் 'ஒருவகை மான்' என்று கடந்துவிடுகிறார்கள். அங்கே நின்றுவிடாமல் பாட்டுக்குப் போக வேண்டும். அகநானூறு 4. குறுங்குடி மருதனார் பாடிய முல்லைப் பாட்டு. கார்காலம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக அவர் அடுக்குபவற்றில் இரண்டு அடி:

"இரும்பு திரித்தன்ன மாயிரு மருப்பின்
பரல்அவல் அடைய இரலை தெறிப்ப."

இரும்பை முறுக்கியது போன்ற கரிய பெரிய கொம்புடைய இரலை, பரல்கல் நிறைந்த பள்ளங்களில் துள்ளுகிறது. மருப்பு என்பது கொம்பு. இரும்பு முறுக்கு என்ற உவமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் காட்டு விலங்குகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். புள்ளிமானுக்கும் கடமானுக்கும் கிளைக்கொம்பு. வரையாட்டுக்குப் பின்னோக்கி வளைந்த கொம்பு. நாற்கொம்பு மானுக்குக் குட்டை நேர்க்கொம்பு. காட்டெருமைக்குப் பிறை வளைவு. முறுக்கு ஒன்றுக்கு மட்டும்தான். இரலை அந்த ஒன்று. புல்வாயின் ஆண் இரலை. ஆகவே புல்வாய் வெளிமானே. குறுந்தொகை 338 "திரிமருப்பு இரலை" என்று தொடங்குவதும் இதற்குச் சான்று நிற்கிறது. இன்று வழங்கும் திருகுமான் அந்தத் திரிமருப்பின் நேர் வாரிசு என்றே கொள்ளலாம்.

அந்த அடிகளில் இன்னொன்றும் இருக்கிறது. 'தெறிப்ப' என்றார் புலவர். ஓட என்று சொல்லவில்லை. வெளிமான் மிரண்டாலும் களித்தாலும் நான்கு காலும் தரையை விட்டெழ விண்ணென்று எம்பி எம்பிக் குதிக்கும். வில் நாணைத் தெறிப்பது மாதிரி. விலங்கை நேரில் பார்த்திராத ஒருவருக்கு இந்த வினைச்சொல் வாய்த்திருக்காது.

இரலை என்ற சொல்லின் மூலம் பார்த்துவிடலாம். கன்னடத்தில் எரளெ, தெலுங்கில் இர்ரி. மூன்றும் உறவுச் சொற்கள். அக்கம்பக்கத்து மொழிகளிலும் வேரோடியிருப்பதால் இது வடமொழியிலிருந்து வந்த பெயர் அன்று, தென்னாட்டின் பழம்பெயர் என்று துணிந்து சொல்லலாம். மான் என்ற பொதுச்சொல் மா என்பதோடு உறவுடையது. மா என்றால் விலங்கு. கைம்மா யானை, அரிமா சிங்கம்.

புல்வாய் என்பதைப் பிரித்தால் புல், வாய். புல்லில் வாய் வைத்திருக்கும் விலங்கு என்பதே நேரான பொருள். மானினங்களில் எல்லாமே புல் தின்னும்தானே என்று தோன்றலாம். கடமான் தழையை நாடும். புள்ளிமான் புல்லும் தழையும் உதிர்ந்த பழமும் தின்னும். வெளிமான் முதன்மையாகப் புல்மேய்ச்சல் விலங்கு. பெயர் பொருந்துகிறது.

பழைய நூல்களில் தேடுபவர்கள் விழும் குழிகள் மூன்று. மூன்றையும் சொல்லிவிடுவது நல்லது. சங்கப் பாட்டில் கடுமான் என்று வந்தால் அது மான் அன்று, விரைந்தோடும் குதிரை. கருமான் என்று வந்தால் கருப்பு மான் என்று எழுதிவிடாதீர்கள். கருமான் கொல்லனுக்கும் பெயர். மூன்றாவது குழிதான் ஆழமானது. புறநானூற்றில் வெளிமான் என்றே ஒருவன் வருகிறான். அவன் தம்பி இளவெளிமான். பெருஞ்சித்திரனார் பாடிய தலைவர்கள் இவர்கள். சேரமான், அதியமான் என்ற பெயர்களில் உள்ள மான்தான் அங்கேயும், தலைமகனைக் குறிப்பது. 'புறநானூற்றிலேயே வெளிமான் இருக்கிறது' என்று விலங்குக்குச் சான்று காட்டுகிறவர்கள் அந்தப் பாட்டைப் படிக்காமல் சொல்லடைவை மட்டும் பார்த்தவர்கள்.


மூன்றாம் நாள், வெள்ளி. வண்டலூர்

கடற்கரை – செங்கல்பட்டு மின்சார ரயிலில் வண்டலூர் நிலையம். தாம்பரத்துக்கு அப்பால் இரண்டாவது நிறுத்தம். 602 ஹெக்டேர் பரப்பு; காலையில் முதல் ஆளாக உள்ளே போனால் வெயில் ஏறுமுன் மான் வகைகளை முடித்துவிடலாம். பத்தரைக்கு மேல் எல்லாம் நிழலில் படுத்துவிடும். கொம்பைத் தவிர ஒன்றும் தெரியாது.

இங்கே வந்தது ஒப்பிட்டுப் பார்க்க. ஒரு பெயர் சரியா என்று அறிய, அதன் பக்கத்துப் பெயர்களையும் அறிய வேண்டும். கடமானைப் பாருங்கள்: ஆள் உயரம், கனத்த உடல், முரட்டு மயிர், கிளைக்கொம்பு. தென்மாவட்டங்களில் மிளா என்பார்கள், ஈழத்தில் மரை. ஊருக்கொரு பெயர் இருந்தாலும் குழப்பமில்லை. மூன்றும் அந்த ஒரு விலங்கையே சுட்டுகின்றன. சிலர் இதையும் கலைமான் என்று சொல்லிவிடும்போதுதான் குழப்பம்.

அடுத்து நீல்காய். இந்திப் பெயர், நீலப் பசு என்று பொருள். வெளிமானைப் போலவே மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த மறிமான், அதாவது கொம்பு உதிராத வகை. அந்தக் குடும்பத்துக்குள் வெளிமானைவிடப் பசுவுக்கே நெருங்கிய உறவு. நீலம் கலந்த சாம்பல் நிறம் ஆணுக்கு மட்டுமே. பெண் மணல் நிறம். வேலிக்கு வெளியே நின்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெயரில் உள்ள ஓரவஞ்சனை தெரியும். பெயர் வைத்தவர்கள் ஆணை மட்டும் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

வெளிமானின் பெயர்களையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். கலைமான் ஆண். இரலை ஆண். திருகுமான், கொம்பைச் சொல்வதால் ஆண். கருமான், கிருஷ்ண மிருகம், நிறத்தைச் சொல்வதால் ஆண். ஆங்கிலத்தில் பிளாக்பக், பிளாக் ஆணின் நிறம், பக் என்றாலே ஆண். தெலுங்கின் கிருஷ்ண ஜிங்காவும் இதே கணக்கு. மந்தையில் பாதிக்கு மேல் பெண்ணும் குட்டியுமாக இருக்க, இத்தனை பெயரும் கொம்பும் கருப்பும் உள்ள ஒன்றிரண்டையே பார்க்கின்றன. மந்தை முழுவதையும் அணைத்துக்கொள்ளும் பெயர்கள் இரண்டே: புல்வாய், வெளிமான். ஒன்று அது தின்பதைச் சொல்கிறது, மற்றது அது வாழும் இடத்தை. எங்கள் தேர்வு வெளிமான். புல்வாய் அழகான சொல், ஆனால் வழக்கிழந்துவிட்டது. வெளிமான் கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் இன்றும் உயிரோடு இருக்கிறது. வல்லநாட்டுச் சரணாலயத்தின் பெயரே வெளிமான் சரணாலயம்தான்.

இடத்தை வைத்துப் பெயரிடுவது தமிழில் பழகிய வழி. வரை என்றால் மலை, செங்குத்துப் பாறை. அங்கே நிற்பது வரையாடு. சருகுக்குள் ஒளிந்து நகர்வது சருகுமான். பெயரைச் சொன்னாலே எங்கே போய்த் தேடுவது என்று தெரிந்துவிடுகிறது.


நான்காம் நாள், சனி. எழும்பூர்

பாந்தியன் சாலையில் அரசு அருங்காட்சியகம், 1851-இல் தொடங்கியது. நேற்றுப் பார்த்த வண்டலூர்ப் பூங்காவின் பிறப்பிடமும் இதே வளாகம்தான். அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் இங்கே விலங்குகளைச் சேர்த்து வைத்தார். அது பின்னர் மூர் மார்க்கெட் பக்கம் போய், 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்டது. மூர் மார்க்கெட் காலத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் அதை 'உயிர் காலேஜ்' என்றும், இந்த அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் சொல்வதைக் கேட்கலாம்.

விலங்கியல் கூடத்தில் கொம்புகளைப் பாருங்கள். கிளைக்கொம்பு முழுவதும் கெட்டி எலும்பு. ஆண்டுதோறும் அடியோடு உதிர்ந்து மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்பு அப்படியில்லை. உள்ளே எலும்புக் குருத்து, அதன்மேல் நம் நகத்தின் பொருளால் ஆன உறை. உதிராது, ஆயுள் முழுதும் வளரும். மண்டையோடு நன்றாகக் காய்ந்தால் உறை மட்டும் கழன்று வரும். அது உள்ளே வெறுமையாக இருக்கும். மாட்டுக் கொம்பும் ஆட்டுக் கொம்பும் இதே அமைப்புத்தான்.

இந்த வேறுபாட்டை வைத்துத்தான் 'வெளிமான் மானே இல்லை' என்று சிலர் சொல்கிறார்கள். விலங்கியலின்படி மான் குடும்பத்தில் அது சேராது, மாட்டுக் குடும்பத்தில் சேரும் என்பது உண்மை. அதற்காகத் தமிழைத் திருத்த வேண்டியதில்லை. மான் என்ற சொல் அந்தக் குடும்பப் பிரிவுக்கு முன்பே இரண்டு வகையையும் சேர்த்துத்தான் குறித்தது. கொம்பு உதிராத வகையை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மறிமான் என்று அறிவியல் தமிழில் எழுதுகிறார்கள். பழைய வழக்கில் மறி குட்டியைக் குறிக்கும் என்பதை மட்டும் மறந்துவிடக்கூடாது. பழம்பாட்டில் மறியைப் பார்த்தவுடன் மறிமான் என்று பொருள் எழுதுவது தவறாகும்.

அறிவியல் பெயரிலும் இதே தடுமாற்றம் பதிந்து கிடக்கிறது. 1758-இல் லின்னேயஸ் இதற்குக் காப்ரா செர்விகாப்ரா என்று பெயர் வைத்தார். லத்தீனில் செர்வஸ் மான், காப்ரா ஆடு. மானா ஆடா என்று முடிவு சொல்லாமல் மானாடு என்றே எழுதிவிட்டு, ஆட்டினத்தில் சேர்த்திருக்கிறார். 1766-இல் பல்லாஸ் அதை ஆட்டிலிருந்து பிரித்து ஆன்டிலோப் என்ற பேரினத்தை உண்டாக்கினார். ஆன்டிலோப் என்ற சொல்லுக்கு வேர் கிரேக்கக் கற்பனை விலங்கொன்று. ரம்பம் போன்ற கொம்பால் மரத்தையே அறுத்துவிடும் என்று கதை. ஆப்பிரிக்கா முழுவதும் பரவியிருக்கும் அத்தனை மறிமான்களையும் உலகம் இன்று ஆன்டிலோப் என்கிறது. ஆனால் அந்தப் பேரினப் பெயரைத் தாங்கி நிற்கும் இனம் ஒன்றே ஒன்று. அது கிண்டியில் மேய்கிறது.

வடமொழிப் பக்கத்தையும் முடித்துவிடலாம். கிருஷ்ணசாரம் என்று வடமொழி சொல்லும் இதே விலங்கு இயல்பாக மேயும் நிலமே வேள்விக்குரிய நிலம் என்று மனு நூல் சொல்கிறது. பூணூல் சடங்கில் மான்தோல் துண்டு கட்டும் வழக்கத்துக்கும் மூலம் கிருஷ்ணாஜினம், அதாவது இந்த விலங்கின் தோல்தான். இன்று அதை வாங்குவதும் விற்பதும் குற்றம். 1972 கானுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கும் விலங்கு இது; 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. பாட்டன் காலத்துத் துண்டு என்று யாரேனும் கொடுத்தால்கூடக் கைநீட்டாதீர்கள்.


ஐந்தாம் நாள், ஞாயிறு. மறுபடி கிண்டி

இன்று பெயரை விட்டுவிட்டு அந்தப் பெயர் சொல்லும் நிலத்தைப் பார்க்கிறோம். காலையில் காந்தி மண்டபத்திலிருந்து ராஜாஜி, காமராஜர் நினைவிடங்கள் வழியாகக் காட்டின் ஓரத்தை ஒட்டி நடந்தால் போதும். காந்தி மண்டபம் 1956, ஐஐடி 1959. ஒவ்வொன்றும் இந்தக் காட்டிலிருந்து பிரித்துத் தரப்பட்ட நிலம். 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது எஞ்சியது சுமார் 2.7 சதுர கி.மீ.

மதிலுக்கு உள்ளே எட்டிப் பார்த்தால் பசுமை மூச்சடைக்கும் அளவு. ஊர் நடுவே இத்தனை மரம் என்று மகிழத்தான் தோன்றும். வெளிமானுக்கு அது நல்ல செய்தி அன்று.

காரணத்தை உடலமைப்பிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும். வெளிமானுக்குத் தற்காப்பு கண்ணும் காலும். தலையின் இருபுறமும் பிதுங்கிய கண், மணிக்கு 80 கி.மீ. வரை ஓடும் கால். அதைத் துரத்த இந்நாட்டில் இருந்தது சிவிங்கி, அதாவது சீட்டா. அது 1952-இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. தூரத்தில் வருவதைக் கண்டு ஓடிப் பிழைக்கும் விலங்குக்குத் தூரம் என்பதே வேண்டும். புதருக்குள் அதன் கண்ணும் பயன்படாது, காலும் பயன்படாது. புள்ளிமான் அப்படியில்லை, நிழலும் புதரும் ஒளிவிடமும் அதற்கு ஏற்றவை. கிண்டியில் புள்ளிமான் மிகுந்தும் வெளிமான் குறைந்தும் இருப்பதில் இந்த வேறுபாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. பூங்காவுக்குள் போலோ மைதானம் என்று வழங்கும் திறந்த புல்வெளி போன்ற இடங்களே அதற்கு வீடு.

ஆகவே 'மான்களைக் காக்க மரம் நடுவோம்' என்று வெளிமான் மேயும் திடலில் கன்று நடுவது, மீனைக் காக்கக் குளத்தைத் தூர்ப்பது போல. நடுகிறவர்களின் எண்ணம் நல்லதுதான். அந்த விலங்கின் பெயரை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கலைமான் என்று எழுதிய பலகைக்குக் கீழே நின்று மரம் நடலாம் என்று தோன்றும். வெளிமான் என்று எழுதிய பலகைக்குக் கீழே ஒரு கணமாவது கை தயங்கும்.

நட்ட மரத்தைவிடப் பெரிய தொல்லை தானே வருகிற சீமைக் கருவேலம். கோடியக்கரைச் சரணாலயம் 1967-இல் வெளிமானுக்கென்றே அறிவிக்கப்பட்டது. அங்கேயும் புல்வெளியைத் தின்பது இதே மரம்தான். அதன் நெற்று இனிக்கும். கோடையில் புல் காய்ந்ததும் வெளிமான் அந்த நெற்றைத் தின்னும். விதையின் ஓடு கெட்டியானதால் வயிற்றில் செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வரும். ஆண் வெளிமான் தன் எல்லையைக் காட்ட ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும். அந்தக் குவியல் பெரும்பாலும் திறந்த திடலின் நடுவிலேயே இருக்கும். மழை பெய்ததும் அந்த எருவிலேயே கருவேலம் முளைக்கிறது. தன் வெளியை அடைக்கும் மரத்தைத் தன் வெளியின் நடுவில் அந்த விலங்கே விதைத்துவிடுகிறது.

வெட்டினால் போகாது. அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளையாகத் தழைத்து முன்னைவிட அடர்ந்து வரும். வளர்ந்த மரமென்றால் வேர்க்கட்டையோடு தோண்டி எடுக்க வேண்டும். நெற்று முற்றி உதிர்வதற்கு முன்பே எடுக்க வேண்டும், எடுத்ததை மேய்ச்சல் நிலத்தில் போட்டு வைக்கக்கூடாது. கன்றாக இருக்கும்போது வேலை எளிது. வடகிழக்குப் பருவமழை விட்ட இரண்டு மூன்று வாரத்துக்குள், மண் ஈரமாக இருக்கையில், சாண் உயரத்துக்குள் உள்ள செடியை அடித்தண்டில் பிடித்து நேராக மேலே இழுத்தால் ஆணிவேர் முழுதாக வந்துவிடும். சாய்த்து இழுத்தால் வேர் அறுந்து மண்ணுக்குள் தங்கும், மறுபடி துளிர்க்கும். வனத்துறை அனுமதியோடு களையெடுக்கப் போகும் தன்னார்வலர்கள் முதலில் தேட வேண்டியது அந்தப் புழுக்கைக் குவியல்களைத்தான். குவியலைக் கலைக்காமல் செடியை மட்டும் எடுத்துவிட்டு நகர வேண்டும். அந்தத் திடலின் ஆண் மாலையில் அங்கேதான் திரும்பி வந்து நிற்கும்.